வெஸ்ட் இண்டீஸின் வீழ்ச்சியை யார் கணக்கில் எழுதுவது?

2025 ஜூலை 14. ஜமைக்காவின் கிங்ஸ்டன் நகர், சபினா பார்க் மைதானம். வெற்றிக்கு 204 ரன் வேண்டும் என்று ஆடவந்த வெஸ்ட் இண்டீஸ் அணி 27 ரன்னில் சுருண்டது. ஏழு பேர் டக் அவுட். மிட்செல் ஸ்டார்க் தன் முதல் 15 பந்துகளிலேயே ஐந்து பேரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். டெஸ்ட் வரலாற்றில் இதைவிடக் குறைந்த ரன் ஒன்றே ஒன்றுதான்: 1955-ல் நியூசிலாந்து எடுத்த 26.

அன்று இரவே நம்மூர் சமூக ஊடகங்களில் தீர்ப்பு எழுதி முடித்துவிட்டார்கள். டி20 பணம் வந்தது, சோம்பேறிகள் ஆகிவிட்டார்கள். உடம்பில் வலு உண்டு, ஒழுக்கம் கிடையாது. இந்தச் சொற்களை எங்கேயோ கேட்டதுபோல் இருக்கிறதா? நம்மைப் பற்றி ஊர்த்தெருவில் பேசப்படும் அதே சொற்கள்தான். நம் பிள்ளை தேர்வில் தோற்றால் அது சாதியின் குணம். அவர்கள் பிள்ளை தோற்றால் அன்றைக்கு அவனுக்குக் காய்ச்சல். ஒரு கறுப்பின அணி தோற்கும்போது மட்டும் அதன் இரத்தத்தையும் குணத்தையும் ஆராயக் கிளம்புகிறவர்களுக்காக இல்லாவிட்டாலும், நமக்காக இந்த வரலாற்றைப் பார்த்துவிடுவோம்.

முதலில் ஓர் எளிய கணக்கு. ஐபிஎல் தொடங்கியது 2008-ல். வெஸ்ட் இண்டீஸின் வீழ்ச்சி தொடங்கியது 1995-ல், இதே சபினா பார்க்கில், ஸ்டீவ் வாஹ் 200 ரன் அடித்து அவர்களின் 15 ஆண்டு வெல்லமுடியாத காலத்தை முடித்துவைத்தபோது. 1996 உலகக் கோப்பையில் புனேயில் கென்யாவிடம் 93 ரன்னுக்கு ஆட்டமிழந்தார்கள். 1999-ல் டிரினிடாடில் 51. 2000-ல் லார்ட்ஸில் 54. 2004-ல் மறுபடி சபினா பார்க்கில் 47. இவை எல்லாமே டி20 பணம் கண்ணில் படுவதற்கு முன்பு நடந்தவை. நோய் வந்து 13 வருடம் கழித்து வந்த ஒன்றை நோய்க்குக் காரணம் என்று எப்படிச் சொல்வது?

சரி, காரணம் எது என்று கேட்டால், இந்த அணி எப்படி எழுந்தது என்பதிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

வெஸ்ட் இண்டீஸ் என்பது ஒரு நாடே அல்ல. ஜமைக்கா, பார்படோஸ், டிரினிடாட், கயானா, இன்னும் பல சின்னஞ்சிறு தீவுகள் கிரிக்கெட்டுக்காக மட்டும் ஒன்றாக நிற்கும் ஓர் ஏற்பாடு. எல்லாரையும் சேர்த்தாலும் மக்கள்தொகை ஏறத்தாழ அறுபது லட்சம். சென்னை மாநகராட்சி எல்லைக்குள் வாழ்கிறவர்களின் அளவு. கரும்புத் தோட்டங்களில் உழைக்க ஆப்பிரிக்காவிலிருந்து விலங்கிட்டுக் கொண்டுவரப்பட்டவர்களின் வாரிசுகள் இவர்களில் பெரும்பான்மை. 1830-களில் அடிமை முறை ஒழிக்கப்பட்டபோது பிரிட்டிஷ் அரசு 2 கோடி பவுண்டு இழப்பீடு கொடுத்தது. அடிமைகளுக்கு அல்ல, ‘சொத்தை’ இழந்த முதலாளிகளுக்கு. விடுதலையானவர்களின் இடத்தை நிரப்பக் கல்கத்தாவிலிருந்தும் நம் மதராஸ் துறைமுகத்திலிருந்தும் ஒப்பந்தக் கூலிகள் கப்பலேற்றப்பட்டார்கள்.

இந்தச் சமூகத்தில் கிரிக்கெட் எப்படி இருந்திருக்கும்? டிரினிடாடைப் பற்றி சி.எல்.ஆர். ஜேம்ஸ் எழுதியிருப்பதைப் படிக்கும்போது, அண்ணல் அம்பேத்கர் சொன்ன படிநிலைச் சமத்துவமின்மைக்கு இதைவிடத் தெளிவான வெளிநாட்டு எடுத்துக்காட்டு கிடைக்காது என்று தோன்றும். வெள்ளைப் பணக்காரர்களுக்கு குயின்ஸ் பார்க் கிளப். பழைய கத்தோலிக்க வெள்ளைக் குடும்பங்களுக்கு ஷாம்ராக். மாநிற நடுத்தர வர்க்கத்துக்கு மேப்பிள். அங்கே தோல் கறுத்தவருக்கு வரவேற்பு கிடையாது. கறுப்பின ஆசிரியர், குமாஸ்தா போன்றோருக்கு ஷானன். கசாப்புக் கடைக்காரர், தையல்காரர், தினக்கூலிக்கு ஸ்டிங்கோ. ஒவ்வொரு தட்டுக்கும் கீழே ஒரு தட்டு. மேலே பார்த்துப் பொருமவும் கீழே பார்த்து ஆறுதல் அடையவும் ஆளுக்கோர் ஏற்பாடு. ஜேம்ஸ் மார்க்சியர், கறுப்பர். படித்தவர் என்ற தகுதியில் மாநிறத்தாரின் மேப்பிளில் சேர்ந்தார். அது தன் மக்களிடமிருந்து தன்னை எவ்வளவு தூரம் விலக்கியது என்பதைப் பின்னாளில் அவரே வெளிப்படையாக எழுதினார். படித்து மேலே வந்த நம்மில் பலரும் நின்று யோசிக்க வேண்டிய இடம் அது.

1928-ல் இந்த அணிக்கு டெஸ்ட் தகுதி கிடைத்தது. இங்கிலாந்தில் ஆடிய மூன்று டெஸ்டிலும் இன்னிங்ஸ் தோல்வி. கேப்டன் கார்ல் நியூன்ஸ், வெள்ளையர். 1930-ல் இங்கிலாந்து அணி கரீபியன் வந்தபோது நடந்தது இன்னும் வேடிக்கை. நான்கு டெஸ்டுக்கு நான்கு கேப்டன்கள். போட்டி எந்தக் காலனியில் நடக்கிறதோ அந்த ஊர்ப் பெரிய மனிதர் ஒருவர். டிரினிடாடில் கேப்டனாக இருந்த பெட்டன்கோர்ட் வாழ்நாளில் ஆடிய ஒரே டெஸ்ட் அதுதான். அதன்பின் கேம்பிரிட்ஜ் படித்த ஜாக்கி கிராண்ட் கேப்டன். அவர் போனதும் 1939-ல் அவருடைய தம்பி ரோல்ஃப் கிராண்ட். அண்ணன் நகர்ந்தால் தம்பி. நம்மூர் கோயில் தர்மகர்த்தா பதவி மாதிரி.

இதே காலத்தில் அந்த அணியில் ஆடிக்கொண்டிருந்தவர்கள் யார்? அடிமைகளின் வழிவந்த லியரி கான்ஸ்டன்டைன். 22 டெஸ்டில் 60.83 சராசரி வைத்திருந்த ஜார்ஜ் ஹெட்லி. ஹெட்லிக்கு 1948-ல் ஒரே ஒரு டெஸ்டில் கேப்டன் பதவி கிடைத்தது. பிறகு வந்த வொரல், வீக்ஸ், வால்காட் மூவரும் உலகின் முதல்தர ஆட்டக்காரர்கள். மூவரும் அணியில் இருக்கும்போதே 1955-ல் கேப்டன் காயமுற்றதும் அந்த இடம் டெனிஸ் அட்கின்சனுக்குப் போனது, அவர் வெள்ளையர் என்பதால். ஃபிராங்க் வொரல் அதற்கு முன்பே இந்தியாவில் காமன்வெல்த் அணிக்குத் தலைமை தாங்கி ஆடியவர். வெள்ளைக்கார ஆட்டக்காரர்களை அயல்நாட்டில் வழிநடத்தத் தெரிந்தவருக்குச் சொந்த மண்ணில் தகுதி போதவில்லை. இட ஒதுக்கீடு என்றாலே ‘தகுதி, திறமை’ என்று கிளம்புகிறவர்கள் ஒருமுறையாவது இந்தக் கேப்டன்கள் பட்டியலைப் படிக்க வேண்டும். வெள்ளையருக்கு 100 சதவீத ஒதுக்கீடு இருந்த அந்த முப்பது வருடத்தில் தகுதியைப் பற்றி வாரியத்தில் ஒருவரும் கவலைப்படவில்லை.

1960-ல் ஜேம்ஸ் டிரினிடாடில் ‘தி நேஷன்’ இதழின் ஆசிரியராக இருந்தார். வொரலைக் கேப்டனாக்கு என்று இதழ் இதழாக எழுதினார். விடுதலை இயக்கம் தெருவில் இருந்த காலம் அது. வாரியத்தால் காதைப் பொத்திக்கொள்ள முடியவில்லை. ஒரு முழுத் தொடருக்குக் கேப்டனான முதல் கறுப்பர் என்று வொரல் ஆஸ்திரேலியா போனார். பிரிஸ்பேனில் டெஸ்ட் வரலாற்றின் முதல் ‘டை’. மெல்போர்னில் ஒரே நாளில் 90,800 பேர் ஆட்டம் பார்த்தார்கள். தொடரை 2-1 என்று தோற்றும், அவர்கள் விடைபெற்றபோது மெல்போர்ன் தெருக்கள் மக்களால் நிரம்பி வழிந்தன. வொரலுக்கு முன்பு கேப்டனாக இருந்த ஜெரி அலெக்சாண்டர் அதே தொடரில் விக்கெட் கீப்பராக அவருக்குக் கீழ் ஆடி, தன் வாழ்வின் சிறந்த ஆட்டத்தை ஆடினார். கறுப்பர் தலைமையில் வெள்ளையர் ஆடமாட்டார்கள் என்ற பயமுறுத்தல் என்னவாயிற்று என்பதற்கு அதுவே பதில். ஓராண்டு கழித்து பார்படோஸில் இந்தியக் கேப்டன் நாரி கான்ட்ராக்டரின் மண்டை உடைந்தபோது அவருக்கு இரத்தம் கொடுத்தவர்களில் வொரலும் ஒருவர். 42 வயதில், இரத்தப் புற்றுநோயால் இறந்துபோனார்.

வொரல் கதை ஓரளவு தெரிந்த கதை. அதே காலத்தில் நடந்த இன்னொன்று அதிகம் பேசப்படாதது. மீட்டெடுப்பது பற்றிப் பேசும்போது எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது.

1954-ல் கிளைட் வால்காட் பிரிட்டிஷ் கயானா போனார். சர்க்கரை முதலாளிகளின் அமைப்பு அவரைத் தோட்டத் தொழிலாளர் நலப் பணிக்காக வேலைக்கு எடுத்தது. முந்தைய ஆண்டுதான் செட்டி ஜகனின் தேர்ந்தெடுக்கப்பட்ட அரசைப் பிரிட்டன் 133 நாளில் கலைத்திருந்தது, தோட்டங்கள் கொதித்துக்கொண்டிருந்தன. முதலாளிகளுக்குத் திடீரென்று ஏன் இந்த விளையாட்டு அக்கறை என்று யோசித்தால் பதில் கிடைக்கும். ஆனால் வால்காட் செய்த வேலை அவர்கள் கணக்கைத் தாண்டிப் போய்விட்டது. தோட்டம் தோட்டமாக மைதானங்கள் ஒழுங்குக்கு வந்தன, போட்டிகள் நடந்தன, தலைநகர் ஜார்ஜ்டவுனின் கண்ணில் படாத பையன்களுக்குப் பயிற்சி கிடைத்தது. போர்ட் மொரான்ட் என்ற ஒரே தோட்டத்துப் பகுதியிலிருந்து ரோஹன் கன்ஹாய், பேசில் புட்சர், ஜோ சாலமன், ஐவன் மாட்ரே என நான்கு பேர் சில ஆண்டுகளுக்குள் டெஸ்ட் ஆடினார்கள். பின்னால் ஆல்வின் காளிச்சரணும் அங்கிருந்துதான் வந்தார். (ஜகன் பிறந்ததும் அதே ஊர்தான்.) பிரிஸ்பேனில் கடைசி நொடியில் பக்கவாட்டிலிருந்து ஒற்றை ஸ்டம்பைக் குறிபார்த்து எறிந்து அந்த ‘டை’யை உண்டாக்கியது ஜோ சாலமன். கூலி லைனில் ஒரு மைதானம் திருத்தப்பட்டது. ஆறே வருடத்தில் உலகக் கிரிக்கெட்டின் மிகப் பிரபலமான எறிதல் அங்கிருந்து வந்தது.

அடுத்த எழுச்சி கிளைவ் லாயிடுடையது. 1975-76-ல் ஆஸ்திரேலியாவில் லில்லி, தாம்சன் வேகத்தில் 5-1 என்று நொறுங்கித் திரும்பினார்கள். அடுத்த சில மாதத்தில் போர்ட் ஆஃப் ஸ்பெயினில் இந்தியா நான்காவது இன்னிங்ஸில் 406 ரன் எடுத்து ஜெயித்தது. மூன்று சுழற்பந்து வீச்சாளர்களை நம்பி ஏமாந்த லாயிட், இனி வேகம் மட்டுமே என்று முடிவெடுத்தார். அடுத்த டெஸ்டில், கிங்ஸ்டனில், இந்திய பேட்ஸ்மேன்கள் காயம்பட்டு விழுந்தார்கள். கெய்க்வாட்டுக்குக் காதில் அடி. இரண்டாம் இன்னிங்ஸில் ஐந்து பேர் மட்டை பிடிக்கவே வரவில்லை. அது ஆபத்தான பந்துவீச்சு என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அதே ஆண்டு வெளியான ‘சன்னி டேஸ்’ நூலில் கவாஸ்கர் அந்த ஜமைக்கா ரசிகர்களைப் பற்றிக் காட்டையும் நாகரிகமின்மையையும் இழுத்து எழுதியதைப் படித்தவர்களுக்குத் தெரியும், கோபத்தின் நடுவே எந்தச் சொற்கள் நம் நாட்டு மேல்தட்டின் நாவில் தயாராக இருக்கின்றன என்று. லில்லியும் தாம்சனும் அதையே செய்தபோது அது வீரம்.

அதே 1976 கோடையில், தென்னாப்பிரிக்காவில் பிறந்து இங்கிலாந்துக் கேப்டனாக இருந்த டோனி கிரெக், வெஸ்ட் இண்டீஸைத் தரையில் தவழ வைக்கப்போவதாகத் தொலைக்காட்சியில் சொன்னார். அடிமைகளின் பேரப்பிள்ளைகளைப் பார்த்து, நிறவெறி நாட்டிலிருந்து வந்தவர் சொன்ன சொல். பதிலுக்கு ரிச்சர்ட்ஸ் நான்கு டெஸ்டில் 829 ரன், ஓவலில் ஹோல்டிங் 14 விக்கெட், தொடர் 3-0.

அதன்பிறகான 15 ஆண்டு ஆதிக்கத்தை இங்கே விரிக்கப் போவதில்லை. நம் தலைமுறைக்கு மார்ஷல், கார்னர், ஹோல்டிங் பெயரெல்லாம் மனப்பாடம். ஆனால் அந்த ஆதிக்கம் எதன்மேல் நின்றது என்பதைச் சொல்லியாக வேண்டும். 1968 முதல் இங்கிலாந்துக் கவுண்டிகள் அயல்நாட்டு ஆட்டக்காரர்களை உடனடியாகச் சேர்த்துக்கொள்ள அனுமதி கிடைத்தது. லாயிட் லங்காஷயரில், ரிச்சர்ட்ஸும் கார்னரும் சோமர்செட்டில், கிரீனிட்ஜும் ராபர்ட்ஸும் பிறகு மார்ஷலும் ஹாம்ப்ஷயரில். வருடத்தில் ஐந்து மாதம் சம்பளத்தோடு பள்ளிக்கூடம். 1977-ல் கெரி பேக்கர் வந்தார். முதல்முறையாக மரியாதையான கூலியும், டென்னிஸ் வெய்ட் என்ற உடற்பயிற்சியாளரும் கிடைத்தார்கள். அதாவது, உலகை ஆண்ட அந்த அணிக்குச் சோறுபோட்டதும் உடம்பை வளர்த்ததும் பெருமளவுக்கு அவர்களுடைய வாரியம் அல்ல. வாடகை வீட்டில் குடியிருந்துகொண்டு மாடி கட்டியது போல. கவுண்டிகள் அயல்நாட்டவர் எண்ணிக்கையைக் குறைத்ததும் வீடு காலியானது. கீழே சொந்த அஸ்திவாரம் இல்லை. வெற்றி கொழித்த காலத்தில் வாரியம் அகாடமி கட்டவில்லை, ஆடுகளங்களைக் காக்கவில்லை. நட்சத்திரங்கள் தானாக முளைக்கும் என்று நம்பினார்கள். ‘கறுப்பர்களுக்கு இயற்கையாகவே வரும்’ என்ற வெள்ளையரின் புகழ்ச்சியை அவர்களே நம்பத் தொடங்கியதுதான் கொடுமை. இயற்கை என்று சொல்லிவிட்டால் யாரும் செலவு செய்ய வேண்டியதில்லை அல்லவா?

அந்தப் பொற்காலத்திலும் இரண்டு விரிசல்கள் இருந்தன. ஒன்று, ஆப்பிரிக்க வழியினருக்கும் இந்திய வழியினருக்கும் இடையிலானது. ரிச்சர்ட்ஸ் ஒருமுறை இதை ஆப்பிரிக்க வம்சாவளியினரின் அணி என்று பேச, டிரினிடாடிலும் கயானாவிலும் இந்திய வழியினர் கொதித்தார்கள். அவர்கள் கோபத்தில் நியாயம் இருந்தது. ராமதின், கன்ஹாய் இல்லாமல் இந்த அணியின் வரலாறே கிடையாது. ஒடுக்கப்பட்ட இரு கூட்டத்தை எதிரெதிரே நிறுத்திய தோட்ட முதலாளியின் வேலை, அவன் போன பிறகும் தானாக நடக்கிறது. நமக்கும் இது பழக்கமான சங்கதி.

இன்னொன்று கூலி. இதை நான் வீழ்ச்சியின் மூல வேர் என்றே சொல்வேன். 1948-49 இந்தியப் பயணத்துக்கு வொரல் 250 பவுண்டு கேட்டார், வாரியம் மறுத்தது, அவர் வரவில்லை. கான்ஸ்டன்டைன் பிழைப்புக்காக லங்காஷயர் லீக் போனவர். 1983-ல் லாரன்ஸ் ரோ தலைமையில் ஒரு கூட்டம், தலைக்கு ஒரு லட்சம் டாலர் அளவில் வாங்கிக்கொண்டு நிறவெறித் தென்னாப்பிரிக்கா போனது. அங்கே அவர்களுக்கு ‘கௌரவ வெள்ளையர்’ அந்தஸ்து. அந்தக் கௌரவத்தின் நீளம் எவ்வளவு என்பதை, வெள்ளையர் பெட்டியிலிருந்து இறக்கிவிடப்பட்ட காலின் கிராஃப்ட் தெரிந்துகொண்டார். பூணூல் போட்டுவிடுகிறேன் வா என்று நம்மை அழைக்கிறவர்களின் விருந்தும் இதே ரகம். ரிச்சர்ட்ஸ் அந்தப் பணத்தை மறுத்தார். அந்த மறுப்புக்குத் தலைவணங்குவோம். போனவர்களுக்கு ஆயுள் தடை. அவர்களில் ரிச்சர்ட் ஆஸ்டின் கிங்ஸ்டன் தெருக்களில் அலைந்து செத்தார். அவர்கள் செய்தது துரோகம்தான். ஆனால் சீசன் முடிந்தால் அடுத்த வேளைக்கு வழியில்லாமல் ஆட்டக்காரர்களை வைத்திருந்த வாரியத்தை எந்த நீதிமன்றமும் விசாரிக்கவில்லை.

அதன்பிறகான வரலாற்றைத் தொழிற்சங்க வரலாறாகப் படித்தால் எல்லாம் புரியும். 1998-ல், நிறவெறி ஒழிந்தபின் முதல் டெஸ்ட் தொடருக்காகத் தென்னாப்பிரிக்கா போக வேண்டிய அணி, லண்டன் விமான நிலைய விடுதியில் சம்பளத்துக்காக உட்கார்ந்துவிட்டது. லாராவையும் ஹூப்பரையும் நீக்கினார்கள், திரும்பச் சேர்த்தார்கள். போய் 5-0 என்று தோற்றார்கள். 2009-ல் ஒப்பந்தத் தகராறில் முதல்நிலை அணி விலகியது. இரண்டாம் நிலை அணியைச் சொந்த மண்ணில் வங்கதேசம் 2-0 என்று வென்றது. 2014-ல் தர்மசாலாவோடு இந்தியப் பயணமே பாதியில் நின்றது. பிசிசிஐ சுமார் 4 கோடியே 20 லட்சம் டாலர் இழப்பீடு கேட்டு மிரட்டியது. 2016-ல் கொல்கத்தாவில் டி20 உலகக் கோப்பையை வென்ற மேடையிலேயே டேரன் சாமி தன் வாரியத்தைப் பற்றி மனம் வெதும்பிப் பேசினார்; உடுப்புகூடச் சரியாகக் கிடைக்காமல் வந்த அணி அது. அதே நாளில் பெண்கள் அணியும் உலகக் கோப்பை வென்றிருந்தது. இவ்வளவுக்கும் நடுவில் டெக்சாஸ் கோடீஸ்வரர் ஆலன் ஸ்டான்ஃபோர்ட் 2 கோடி டாலர் பந்தயத்தோடு வந்து கரீபியன் கிரிக்கெட்டைக் காப்பாற்றப் போவதாகச் சொன்னார். இப்போது மோசடி வழக்கில் 110 வருடத் தண்டனை அனுபவிக்கிறார்.

2023-ல் ஸ்காட்லாந்திடம் தோற்று, ஒருநாள் உலகக் கோப்பைக்குள்ளேயே முதல்முறையாக நுழைய முடியாமல் போனது. முதல் இரண்டு கோப்பைகளை வென்ற அணி.

இனி மீட்டெடுப்பது எப்படி என்ற கேள்வி. வாரியம் என்பது ஆறு பிராந்திய வாரியங்களின் கம்பெனி. மைதானம் மக்கள் வரிப்பணத்தில். அதிகாரம் மட்டும் ஒரு சிலர் கையில். பி.ஜே. பேட்டர்சன் குழு 2007-ல் இதை மாற்றச் சொன்னது. 2015-ல் கரீபியன் அரசுகள் அமைத்த யூடின் பாரிட்டோ குழு வாரியத்தையே கலைக்கச் சொன்னது. 2020-ல் வெபி குழுவும் சீர்திருத்தம் கேட்டது. வாரியம் பேட்டர்சன் அறிக்கையைக் கிடப்பில் போட்டது, கலைக்கச் சொன்னதை நிராகரித்தது. நம் நாட்டில் கமிஷன் அறிக்கைகள் எங்கே தூங்குகின்றன என்று தெரிந்தவர்களுக்கு மேலே விளக்கம் வேண்டாம். ஆட்டக்காரர் சங்கத்துக்கும் அரசுகளுக்கும் அந்தக் கம்பெனியில் சட்டபூர்வ பங்கு கிடைக்காதவரை மற்றதெல்லாம் பயிற்சியாளரை மாற்றும் விளையாட்டுதான்.

அடுத்து, பேட்டிங். 2025-ன் அந்தச் சபினா பார்க் ஸ்கோர்கார்டை முழுதாகப் பார்த்தவர்கள் குறைவு. ஆஸ்திரேலியா எடுத்தது 225, 121. முதல் இன்னிங்ஸில் ஷமார் ஜோசப் நான்கு விக்கெட், இரண்டாவதில் அல்சாரி ஜோசப் ஐந்து. இருபது விக்கெட்டை 346 ரன்னுக்கு எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள் பந்துவீச்சாளர்கள். பந்துவீச்சு வறுமையிலும் வளரும். அதற்கு உடம்பும் ஒரு வெற்றிடமும் போதும். பேட்டிங்குக்கு நல்ல ஆடுகளம் வேண்டும், மட்டை, பேடு, பயிற்சியாளர், தோற்றாலும் திரும்ப வாய்ப்புக் கிடைக்கும் என்ற நிம்மதி எல்லாம் வேண்டும். அது நிறுவனங்களின் பயிர்.

நம் பல்வங்கர் பாலு இதற்குச் சாட்சி. புனேயில் வெள்ளையர் கிளப்பில் மைதானப் பணியாளராக இருந்த அந்தச் சாமர் சாதி இளைஞரை வலைப்பயிற்சியில் மணிக்கணக்கில் பந்துவீச வைத்தார்கள்; மட்டையைக் கையில் கொடுக்கவில்லை. பந்துவீச்சு உழைப்பு, பேட்டிங் உரிமை. இந்து அணிக்கு அவர் விக்கெட் வேண்டும். தேநீர் மட்டும் வெளியே, தனி மண் குவளையில். 1911-ல் இங்கிலாந்தில் 114 விக்கெட் எடுத்துத் திரும்பியும் அவருக்குக் கேப்டன் பதவி கிடைக்கவில்லை. 1923-ல் தம்பி விட்டலுக்குத்தான் கிடைத்தது. வொரலுக்கு 37 வருடம் முந்தைய கதை இது.

ஆகவே கரீபியனுக்கு இன்று வேண்டியது இன்னொரு ரிச்சர்ட்ஸ் வருவாரா என்ற வானம் பார்த்த காத்திருப்பல்ல. வால்காட் செய்த வேலை. ஷமார் ஜோசப் வந்தது பராகரா என்ற ஊரிலிருந்து. கயானாவில் கான்ஜே ஆற்றில் படகில் போனால்தான் சேரமுடியும். பழங்களைப் பந்தாக வீசிப் பழகியவர். பாதுகாவலர் வேலை பார்த்துக்கொண்டிருந்தவர். 2024 ஜனவரியில் பிரிஸ்பேனில், முந்தின நாள் ஸ்டார்க்கின் யார்க்கரில் அடிபட்ட கால்விரலோடு, 68 ரன்னுக்கு ஏழு விக்கெட் எடுத்து 8 ரன்னில் ஜெயிக்க வைத்தார். ஆஸ்திரேலிய மண்ணில் 1997-க்குப் பிறகு அதுதான் அவர்களின் முதல் டெஸ்ட் வெற்றி. அவரைத் தேடி எந்த அமைப்பும் படகேறவில்லை. அவர்தான் வெளியே வந்தார். அப்படி வெளியே வரமுடியாத ஒரு பேட்ஸ்மேன் அந்த ஆற்றங்கரையில் எத்தனை பேர்?

ஆனால் படகுக்கும் மைதானத்துக்கும் பணம் வேண்டும். ஜமைக்காவுக்கும் பார்படோஸுக்கும் இடையே ஏறத்தாழ 2,000 கிலோமீட்டர் கடல். உள்ளூர்ப் போட்டிக்கே விமானச் செலவு. இங்கேதான் இந்த வரலாறு நம் வாசலுக்கு வருகிறது. 2024-27 காலத்துக்கான ஐசிசி வருமானப் பங்கீட்டில் இந்தியாவுக்கு 38.5 சதவீதம், வெஸ்ட் இண்டீஸுக்கு 5 சதவீதத்துக்கும் கீழ். இருதரப்புத் தொடர்களில் ஒளிபரப்புப் பணம் முழுதும் விருந்தளிக்கும் நாட்டுக்கே. ஆஸ்திரேலியாவுக்கு ஆள் அனுப்பி அங்கே தொலைக்காட்சிக்கு நிகழ்ச்சி தயாரித்துக் கொடுத்துவிட்டு, பயணச் செலவையும் ஏற்றுக்கொண்டு வெறுங்கையோடு திரும்ப வேண்டும். கேட்டால், சந்தை எங்களுடையது, அதிகம் ஈட்டுகிறவனுக்கு அதிகம் என்கிறார்கள். நிலம் எங்களுடையது என்று சொல்லி விளைச்சலைப் பங்குபோட்ட பண்ணையாரின் வாதத்துக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? இலண்டனும் மெல்போர்னும் ஒருகாலத்தில் செய்ததை இன்று மும்பை செய்கிறது. நிறம் மாறியிருக்கிறது, படி மாறவில்லை.

27 ரன்னுக்குப் பிறகு வாரியம் கூட்டிய அவசரக் கூட்டத்துக்கு லாயிட், ரிச்சர்ட்ஸ், லாரா மூவரையும் அழைத்தார்கள். அவர்களால் ஆடுகளத்தைப் பற்றியும் ஆட்ட நுட்பத்தைப் பற்றியும் சொல்லமுடியும். பங்கீட்டைப் பற்றிப் பேச வேண்டிய கூட்டம் துபாயில் நடக்கும், 2027-க்குப் பிந்தைய கணக்கை எழுதும்போது. தலைமை நாற்காலியில் இப்போது ஜெய் ஷா இருக்கிறார். சமூகநீதி பேசுகிற நாம் இந்திய அணி ஜெயிக்கும்போது பட்டாசு வெடிக்கிறோம், வெடிக்கட்டும். அந்த 38.5 சதவீதத்தைப் பற்றி நம் பக்கத்திலிருந்து ஒரு கேள்வியாவது போக வேண்டும்.